உச்சிக்கு ஏறும் முன் மதிலைக் காட்டுங்கள்
(செஞ்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு,

மார்கழியும் தையும் வந்துவிட்டால் செஞ்சிக் கோட்டைக்குப் பள்ளிப் பேருந்துகள் வந்தபடியே இருக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சமுள்ள ஒன்று நம் செஞ்சி. ஆகவே இனி பேருந்துகள் கூடுமே தவிரக் குறையாது. செஞ்சிக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சியோடு உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

பிள்ளைகள் இறங்குகிறார்கள். கல்யாண மகாலின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ராஜகிரிப் படிக்கட்டு. யார் முதலில் உச்சிக்குப் போவது என்று போட்டி. இறங்கி வந்து, மரத்தடியில் புளிசாதமோ தயிர்சாதமோ சாப்பிட்டுவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். திண்டிவனம் – திருவண்ணாமலைச் சாலை கோட்டை மதிலை வெட்டிக்கொண்டுதான் போகிறது. அதனால் பிள்ளைகள் மதிலைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார்கள், தாண்டித்தான் வெளியே போகிறார்கள். பேருந்துச் சன்னலில் அது தெரிந்து மறையும் நேரம் சில நொடிதான். ஊருக்குத் திரும்பிய பிறகு எழுதும் கட்டுரையில் கல்யாண மகால் வரும், உச்சி வரும், குரங்குகூட வரும். மதில் வராது.

செஞ்சியில் முதலில் பார்க்க வேண்டியது மதில் என்பது என் உறுதியான எண்ணம். மகாலும் களஞ்சியமும் ஆனைக்குளமும் எந்தத் தலைநகரிலும் இருக்கக் கூடியவை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று தனித்தனியாகக் கிடந்த மூன்று குன்றுகளை ஒரே அரணாக்கியது மதில்தான். அதை விட்டுவிட்டுச் செஞ்சியைக் காட்டினால் பிள்ளைகள் பார்ப்பது மூன்று பாறைக் குன்றுகளையும் சில பழைய கட்டடங்களையும் மட்டுமே.

மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். சமவெளியில் ஓடும் பகுதியில் அதன் கனம் ஏறக்குறைய 60 அடி. வெளியே சுமார் 80 அடி அகல அகழி. சுவர் என்று சொன்னதும் பிள்ளைகளின் மனத்தில் தோன்றுவது பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர். அதிலிருந்து இந்த 60 அடிக்கு அவர்களை நீங்கள்தான் கொண்டு வர வேண்டும். பள்ளி மைதானத்திலேயே 60 அடியை அளந்து, சுண்ணாம்புப் பொடியால் இரண்டு கோடு போட்டுக் காட்டிவிட்டு அழைத்து வாருங்கள். கனம் முழுக்கக் கல் அல்ல. வெளிமுகத்திலும் உள்முகத்திலும் கருங்கல் கட்டு. நடுவே மண்ணும் உடைகல்லும் போட்டு நிரப்பியது. மேலே ஆள் நடக்கலாம், பீரங்கி இழுக்கலாம். குண்டு வந்து விழுந்தால் உள்ளிருக்கும் மண் அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும்.

மலையேறும்போது அதே மதில் வேறு குணம் கொள்கிறது. செங்குத்தான பாறை இருக்கும் இடத்தில் கட்டியவர்கள் கை வைக்கவில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆள் நுழையும் சந்து இருந்தால் அதை மட்டும் கல்வைத்து அடைத்திருக்கிறார்கள். எங்கே பாறை முடிகிறது, எங்கே கட்டு தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து கிடக்கிறது: ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு சிறு பாலம். அந்நாளில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், ஒரு சிலரே நின்று உச்சியைக் காத்துவிடலாம். மதிலே தேவைப்படாத இடம் அது. எங்கே கட்டத் தேவையில்லை என்று தெரிந்து வைத்திருந்ததைத்தான் செஞ்சியின் கட்டடக் கலையில் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி மதிலின் தலைப்பகுதிக்கு வருவோம். மேலே பல் வரிசைபோல் நிற்கிறதே, அது எதற்கு என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அழகுக்கு என்று சொல்லிவிடாதீர்கள். சங்க இலக்கியத்தில் ஞாயில் என்று வருவது இதுதான். திரி பற்றவைத்துச் சுடும் பழைய துப்பாக்கியில் ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டித்து, குண்டு போட்டு, தயாராவதற்கு அரை நிமிடமாவது ஆகும். அந்த அரை நிமிடம் சிப்பாய்க்கு மறைவு வேண்டும். ஞாயில் அவன் தலையையும் நெஞ்சையும் மறைக்கிறது. அதில் குடைந்த துளை அவனுடைய துப்பாக்கிக்கு வழி. வில்லும் வேலும் மட்டும் இருந்த காலத்தில் ஞாயிலுக்கு ஞாயில் இடைவெளி இருந்தால் போதும்; எய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். வெடிமருந்து வந்த பிறகு நம் பக்கத்துக் கோட்டைகளில் ஞாயில் பருத்தது, தலை வளைந்தது, உடலில் துளைகள் வந்தன. துளைகளிலும் வகை உண்டு. நேராகப் போகும் துளை தூரத்தில் வருபவனுக்கு. கீழ்நோக்கிச் சாய்ந்த துளை அகழிக் கரையை எட்டிவிட்டவனுக்கு.

விழும் ஆபத்து இல்லாத, தொல்லியல் துறை அனுமதிக்கும் ஓர் இடத்தில் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் துளை வழியே பார்க்கச் சொல்லுங்கள். வெளியே என்ன தெரிகிறது என்று கேளுங்கள். வயல் தெரியும், சாலை தெரியும். பிறகு என்ன தெரியவில்லை என்று கேளுங்கள். கொஞ்சம் யோசிக்கும் பிள்ளை சொல்லிவிடும்: மதிலின் காலடியில் ஒட்டி நிற்பவன் தெரியமாட்டான். ஏணி சார்த்துபவனும் கடப்பாரையால் கல்லைப் பெயர்ப்பவனும் அங்கேதான் நிற்பார்கள். அவர்களை எப்படித் தடுப்பது? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கொத்தளம் கட்டினார்கள். மதிலிலிருந்து முன்னே துருத்தி நிற்கும் கொத்தளத்தில் இருப்பவன் பக்கவாட்டில் திரும்பினால், மதிலின் முகம் முழுவதும் அவன் குறிக்குள் வரும். ஒரு கொத்தளத்தின் பார்வை எட்டாத இடத்தை அடுத்த கொத்தளம் பார்த்துக்கொள்ளும். இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தால் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

கொத்தளங்களின் வடிவத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சில சதுரம், சில அரைவட்டம். இரண்டும் ஒரே காலத்தவை அல்ல. விஜயநகர, நாயக்கர் காலத்துக் கட்டுமானத்தில் சதுரக் கொத்தளங்கள்; பீஜப்பூர் சுல்தான்களும் மராட்டியரும் ஆண்ட 17ஆம் நூற்றாண்டு வேலையில் வட்டமானவை. சதுர மூலையின் நேர் முன்னால் நிற்பவன் மேலிருப்பவன் கண்ணுக்குச் சரியாக அகப்படுவதில்லை. அந்த மூலையில் குண்டு பட்டால் கல் பெயர்ந்து விழும். வளைந்த முகத்தில் குண்டு சறுக்கிப் போகும். பீரங்கி வலுவடைய வலுவடைய மதிலும் தன்னை மாற்றிக்கொண்டே வந்தது. இந்த மாற்றத்தைக் கல் கல்லாக ஆராய்ந்து சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ். செஞ்சியைப் பற்றிய அவரது நூல் 2005இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. அதற்கு முன் 1943இலேயே சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சியின் வரலாற்றை முழுமையாக எழுதிவிட்டார். வரலாற்று ஆசிரியர்கள் பயணத்துக்கு முன் இந்த இரண்டு நூல்களையும் ஒரு முறை புரட்டிவிட்டு வந்தால், வழிகாட்டிப் பலகையை நம்பியிருக்க வேண்டாம்.

1677இல் சிவாஜி செஞ்சியைப் பீஜப்பூரிடமிருந்து கைப்பற்றியதைப் பாடநூலில் ஒரு வரியாக நடத்திவிடுகிறோம். கைப்பற்றிய பிறகு அவர் செய்ததுதான் பெரிய வேலை. காக்க முடியாத பகுதியைக் கைவிட்டுப் புதிய மதில் எழுப்பினார், அகழி தோண்டினார், கொத்தளம் கட்டினார், நீர் தேக்க வழி செய்தார். ஆந்த்ரே ஃப்ரெய்ரே என்ற இயேசு சபைத் துறவி 1678இல் எழுதிய கடிதத்தில் அந்த வேலையின் நேர்த்தியைப் பாராட்டியிருக்கிறார். அந்த மண்ணைச் சுமந்தவர்கள், கருங்கல்லில் உளி போட்டவர்கள் யார் யார் என்பது அந்தக் கடிதத்தில் இல்லை. நமக்குக் கிடைத்த பெயர்களெல்லாம் ஆண்டவர்களின் பெயர்கள். இதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாசலை மறந்துவிடக் கூடாது. வேலூர் வாசல், புதுச்சேரி வாசல் இரண்டிலும் நேராக உள்ளே நுழைய முடியாது. ஒரு திருப்பம், ஒரு முற்றம், மறுபடி ஒரு திருப்பம். கதவை முட்ட வரும் யானைக்கு ஓடி வர இடம் கொடுக்கக் கூடாது என்பது ஒரு காரணம். முதல் கதவை உடைத்தவன் நான்கு பக்கமும் மதில் சூழ்ந்த முற்றத்தில் வந்து மாட்டிக்கொள்வான் என்பது மற்றொன்று. அந்த முற்றத்தின் நடுவில் பிள்ளைகளை நிறுத்தி, அண்ணாந்து சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

இப்போது கணக்கு ஆசிரியர்களுக்கு. 13 கிலோமீட்டர் மதிலில் இரண்டு மீட்டருக்கு ஓர் ஆள் என்று நிறுத்தினால் 6,500 பேர் வேண்டும். இரவும் பகலும் மூன்று முறையாகக் காவல் என்றால் 19,500 பேர். சமையலுக்கும் தண்ணீருக்கும் மருந்துக்கும் ஆள் தனி. இனி எதிரியின் பக்கம் வாருங்கள். குண்டுக்கு எட்டாமல் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று கோட்டையைச் சுற்றி வளைக்க நினைத்தால் அவன் வளையத்தின் நீளம் எவ்வளவு? 13 கிலோமீட்டரை வட்டம் என்று கொண்டு போட்டால் 19 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் வளையத்தில் கூடுவது எப்போதும் 6.28 கிலோமீட்டர். கோட்டை சிறியதோ பெரியதோ, கூடுதல் மாறாது. பரிதி நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு செஞ்சியின் வரலாற்றைப் படித்தால் அதன் பெரிய புதிர் விளங்கும். 1690இல் ஔரங்கசீபின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை 1698 வரை நீண்டது. முகலாயப் படையால் அந்த நீண்ட வளையத்தை ஒருபோதும் முழுமையாக மூட முடியவில்லை. உணவும் ஆளும் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. வெளியிலிருந்து சந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகள் முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். 1693 தொடக்கத்தில் முகலாயர்கள் முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டி வந்தது. சுல்பிகர் கான் மனம்வைத்துப் போரிடவில்லை, எதிரியோடு உள்ளுக்குள் பேச்சு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது. அது பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மதிலின் நீளம் அவருக்கு ஒரு நல்ல காரணத்தைக் கொடுத்தது என்பதும் உண்மை. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதற்குள் இல்லை. தப்பி மகாராஷ்டிரத்துக்குப் போய்விட்டார்.

அதே மதில், 1750 செப்டம்பரில், ஒரே இரவில் விழுந்தது. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படை வெளியே தோற்று, சிதறி, செஞ்சிக்குள் ஓடி வந்தது. பின்னாலேயே விரட்டி வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வாசல் கதவை வெடிவைத்துத் தகர்த்துக் கீழ்க்கோட்டைக்குள் புகுந்தார். இருட்டியதும் மூன்று குன்றுகள் மீதும் ஒரே நேரத்தில் ஆள் ஏற்றினார். விடியும்போது மூன்றிலும் பிரெஞ்சுக்காரர்கள் நின்றார்கள். ஏழு ஆண்டுக்கு மேல் ஒரு பேரரசின் படையைத் தடுத்து நிறுத்திய அரண் ஓர் இரவுகூட நிற்கவில்லை என்றால் கல் மாறிவிட்டதா? எனக்குத் தோன்றும் விடை இது: எதிரியால் வளைக்க முடியாத நீளம், காவல்காரனாலும் காக்க முடியாத நீளம். மூன்று இடத்தில் ஒரே சமயம் தாக்கினால் எங்கே ஓடுவது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்கு 13 கிலோமீட்டர் மதில் உதவி அல்ல, சுமை. நிலைகுலைந்த படைக்கு எவ்வளவு கனத்த சுவரும் தைரியம் கொடுக்காது.

இரண்டே ஆண்டில், 1752இல், ஆங்கிலேயப் படை வந்து கோட்டையைப் பார்த்துவிட்டுத் தன்னால் ஆகாது என்று திரும்பியது. திரும்பும் வழியில் விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றது. பிறகு புதுச்சேரியே வீழ்ந்த பின், 1761 ஏப்ரலில்தான் செஞ்சி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பத்தாண்டுகளில் அவர்களுடைய சிப்பாய்களை அதிகம் கொன்றது குண்டல்ல, காய்ச்சல்.

தமிழாசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உழிஞையும் நொச்சியும் புறத்திணைப் பட்டியலில் மனப்பாடம் செய்யும் இரண்டு பெயர்களாகவே பிள்ளைகளுக்குத் தெரிகின்றன. மதிலை வளைப்பவன் சூடும் பூ ஒன்று, மதிலைக் காப்பவன் சூடும் பூ மற்றொன்று. இரு கட்சியாகப் பிரித்து அகழிக் கரையில் ஒரு குழுவையும் மதிலின் உட்புறத்தில் ஒரு குழுவையும் நிறுத்திப் பேசவிடுங்கள். வள்ளுவரும் அரணைப் பற்றிப் பத்துக் குறள் பாடி, உயரம், அகலம், உறுதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உள்ளே இருப்பவர்கள் செயலில் சிறக்காவிட்டால் எந்த அரணாலும் பயனில்லை என்றுதான் அதிகாரத்தை முடிக்கிறார். 1690–98 முற்றுகைக்கும் 1750க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்க அந்தக் கடைசிக் குறளே போதும்.

தேசிங்கு ராஜன் கதையைக் கேட்காமல் எந்தப் பிள்ளையும் செஞ்சியை விட்டுப் போகக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து, சிறு படையோடு கோட்டையை விட்டு வெளியே போய்ப் போரிட்டு மாண்ட இளைஞன் அவன். மதிலுக்குள் இருந்திருந்தால் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்திருக்கலாம். ஊர் மக்கள் அவனை இன்றும் பாட்டில் வைத்திருக்கிறார்கள். ஏன் வெளியே போனான் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

கடைசியாக, எனக்கு வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். அரச மரத்தின் ஒரு விதை கல் இடுக்கில் விழுந்தால் போதும். சில ஆண்டுகளில் வேர் ஞாயிலைப் பிளந்துவிடும். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய கட்டின் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே போன மழைநீர் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே கெடும். இவற்றை நீங்களும் நானும் நேரடியாகத் தடுக்க முடியாது. அது தொல்லியல் துறையின் வேலை. ஆனால் சாந்துப் பூச்சில் ஆணியால் கீறிய பெயர்களும் அம்புக்குறி போட்ட இதயங்களும் நம் பிள்ளைகளின் கைவேலை. உளி எடுத்தவன் தன் பெயரை எழுதாமல் போன மதிலில், ஒரு நாள் வந்துபோகிறவன் தன் பெயரை எழுதுவது எனக்குத் தாங்கவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பேருந்தில் ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். அதோடு, புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பதையும் சொல்லுங்கள். ஒரு கோட்டை கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் கரையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இந்த ஆண்டு நீங்கள் வரும்போது காலையின் முதல் ஒன்றரை மணி நேரத்தை மதிலுக்குக் கொடுங்கள். வாசலில் தொடங்குங்கள், அகழிக் கரையோடு கொஞ்ச தூரம் நடங்கள், ஒரு சதுரக் கொத்தளத்தையும் ஒரு வட்டக் கொத்தளத்தையும் பிள்ளைகளின் நோட்டில் வரையச் சொல்லுங்கள், ஒரு துளை வழியே ஒவ்வொருவரும் பார்க்கட்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். அதன் பிறகு நேரமிருந்தால் ராஜகிரி ஏறுங்கள். நேரமில்லாவிட்டால் உச்சியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதிலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
செஞ்சியிலிருந்து உங்கள் நலம்விரும்பி